குறி மாறிய இடம்

கௌரவ விரிவுரையாளர்களுக்கு
மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடையாது.
ஜன்னலோரம், அம்பத்தூர் வெயிலோடு உட்கார்ந்து
நாற்பத்தோரு அசைன்மென்ட் திருத்துகிறேன்.

முப்பது பாகைச் சாய்தளத்தில்
ஒரு மரக்கட்டை வழுக்கி இறங்குகிறது.
முடுக்கம் என்ன?

முதல் தாளில் ஆறு புள்ளி ஆறு.
தப்பு. சுழித்தேன்.
இரண்டாவதிலும் ஆறு புள்ளி ஆறு.
மூன்றாவதில்தான் அந்த வரி கண்ணில் பட்டது:
'கட்டையின் பக்கம் நின்று யோசிப்போம்.'

இயற்பியலில் யாரும் அப்படி எழுதுவதில்லை.
நான் எழுதுவேன்.

இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை
முகம் தெரியாதவர்களின் வீட்டுப்பாடத்துக்கு
விடை எழுதிக் கொடுக்கிறேன்.
ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய்.
தமிழ்வழி என்றால் ஐந்து கூடுதல், எழுத ஆளில்லையாம்.
கேட்பவர் பெயர் வராது, ஓர் எண் வரும்.
பக்கத்தில் 'அவசரம்' என்றிருக்கும்.
கல்லூரிச் சம்பளம் வந்து மூன்று மாதம்.
எனக்கும் அவசரம்தான்.

செவ்வாய் இரவு அந்தக் கேள்வி வந்தபோது
எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.
இருந்ததை நகர்த்தி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன்.
என் கேள்வி என்றும் சொல்ல முடியாது.
பழைய வினாத்தாளிலிருந்து உருவியது;
இரும்புக் கட்டையை மரமாக்கியது மட்டும் நான்.

ஒன்று நாற்பதுக்குக் கொளத்தூர் முனையில்
தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
நான்கு குடத்தோடு ஓடி, வரிசையில் சண்டை போட்டு,
ஈரக் கையோடு திரும்பி வந்து
உராய்வுக்கு முன்னால் கழித்தல் போட வேண்டிய இடத்தில்
கூட்டல் போட்டேன்.

அப்படியாக,
உராய்வே பிடித்துக் கீழே தள்ளும் ஓர் உலகத்தை
நாற்பது ரூபாய்க்கு விற்றுவிட்டேன்.

'எல்லாருக்கும் ஏழு போட்டு அனுப்புங்க மேடம்'
என்கிறார் பக்கத்து மேசை தணிகாசலம்.
துறைத் தலைவர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்.
காப்பியடித்தவர் பெயர்.
உதவியவர் பெயர், தெரிந்தால்.

முப்பத்து மூன்றாவது தாள். சகாயசெல்வி, எண்ணூர்.
அதே தொடக்கம், அதே படம்,
அம்புக்குறிகூட நான் போட்ட சாய்வில்.
உராய்வு வரும் இடத்தில் ஒரு சின்னக் கழித்தல்.
மூன்று புள்ளி இரண்டு.

கூப்பிட்டேன்.
'நீயா போட்டே?'
'இல்ல மிஸ், குரூப்ல வந்துச்சு. எல்லாரும் அதான் எழுதுனோம்.'
ஒளிக்கத் தெரியாத பெண்.
'ஒரு இடம் மட்டும் மாத்தினேன்.
கட்டை அவ்ளோ வேகமா போகாதே மிஸ்.
எழுதுனவங்க தூக்கத்துல எழுதியிருப்பாங்க.'

'மத்தவங்ககிட்ட சொல்லலையா?'
'சொன்னேன். நாப்பது பேரும் ஒரே மாதிரி எழுதுறோம்,
நீ மட்டும் மாத்துனா மாட்டிக்குவேன்னாங்க.'

மாட்டிக்கொண்டுதான் நின்றாள்.

'இந்த முதல் வரி? அதையாவது மாத்தியிருக்கலாமே.'
கொஞ்சம் யோசித்தாள்.
'அது நல்லாருந்துச்சு மிஸ்.'

எனக்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.
போ என்றேன்.
மதிப்பெண் கட்டத்தில் பென்சிலால் எட்டு போட்டேன்.
அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

இப்போது இரவு பதினொன்றேகால்.
விற்ற விடையை எடுத்துத் திருத்த வழியில்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.
படிவத்தில் யார் பெயரும் ஏறவில்லை.
உதவியவர் கட்டத்தில் ஒரு புள்ளி இருக்கிறது,
பேனாவை வைத்து எடுத்த இடம்.
மேசை ஆடுகிறதென்று
அதை நான்காக மடித்து
ஒரு காலுக்குக் கீழே கொடுத்திருக்கிறேன்.

போன் அதிர்கிறது. கப்பி, கயிறு, இரண்டு எடை.
அவசரம்.
அடுத்த வாரத்துக்கு நான் கொடுத்த கணக்கு.

கழித்தல் குறியை முதலில் போட்டுவிட்டு
மற்றதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.